வேலைக்கு மட்டுமே ஓர் அறை

போன வாரம் ஸ்கேலை எந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். வரி அலுவலகத்திலிருந்து வந்த போனைப் பேசி முடித்துவிட்டு, பல் துலக்கப் போனவன் பிரஷ்ஷில் ஷேவிங் க்ரீமைப் பிதுக்கிக்கொண்டு நின்றான். படித்தவர்களில் பாதிப் பேர் சிரித்ததாகவும், மீதிப் பேர் அவனுக்காகப் பரிதாபப்பட்டதாகவும் கேள்வி. பரிதாபப்பட்டவர்கள் இந்த வாரத்தையும் படித்துவிட்டு முடிவுக்கு வரலாம்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. ஸ்கேல் என்பது அவன் பெயரில்லை. கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவன் தொழில். மற்றவர்கள் பேனா வைக்கிற சட்டைப் பையில் அவன் சின்ன ஸ்கேல் ஒன்றை வைத்திருப்பான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் வைத்திருப்பான். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டால் மொத்தப் படத்தையும் முதலிலிருந்து போடுகிற ஆசாமி.

கம்பெனி வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது, வீட்டின் பின்னறையை அலுவலகமாக்கிக்கொண்டான். இப்படி ஓர் அறையைத் தொழிலுக்கு மட்டுமே ஒதுக்கி வைத்தால், அந்த அறைக்கு ஆகும் வாடகையையும் கரண்ட் பில்லையும் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கழித்துக்கொண்டான். முதல் வருஷம் அதில் ஒரு பொட்டுப் பொய் கிடையாது.

அப்புறம் அக்கா வந்தார்.

பஸ் கம்பெனியில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தே ஆயுளில் பாதியைக் கழித்தவர் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற கையோடு, தங்கியிருந்த விடுதியை இடிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். "ஒரு மாசம் இருந்துட்டு வேற ரூம் பாத்துக்கிறேன் தம்பி" என்று இரண்டு பைகளோடு வந்தார். வீட்டில் இருப்பது ஒரு படுக்கையறை, ஒரு ஹால், இந்தப் பின்னறை. மடக்குக் கட்டில் ஒன்று வாங்கிப் பின்னறையில் போட்டார்கள்.

தம்பி வேலைக்கு உட்காருவதற்கு முன்பே கட்டிலை மடக்கி அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு அக்கா வெளியே வந்துவிடுவார். பகல் முழுவதும் சமையலறையிலும் ஹாலிலும்தான். பெரும்பாலும் அவன் வேலையை முடித்துவிட்டு எழுந்த பிறகே உள்ளே போவார். ஒரு மாசம் இரண்டு வருஷமாகிவிட்டது.

வரிக் கணக்கு கொடுக்கும் நாள் வந்தது. கம்ப்யூட்டர் திரையில் போன வருஷத்துப் பதில்கள் தாமாகவே நிரம்பி நின்றன. 'இந்த அறை தொழிலுக்கு மட்டுமே பயன்படுகிறதா?' என்ற கேள்விக்குப் பக்கத்தில் 'ஆம்' என்று இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான். அக்கா கொண்டுவந்து வைத்த காபியைக் குடித்துக்கொண்டே போனான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவன் மேல் கோபம் இருக்கிறது. மறுவருஷமும் அதேதான் நடந்தது.

அந்த அறையை நேரில் பார்க்கத்தான் இன்று வரி அதிகாரி வருகிறார்.

காலையில் சமையலறையில் புருஷனும் பெண்டாட்டியும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். யாருக்கு எவ்வளவு கண் தெரியும் என்று அளந்து சொல்வதே அவள் பிழைப்பு.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

அவன் காலி டம்ளரைத் தூக்கி இன்னொரு வாய் குடித்தான்.

"ஒரு கிளையன்ட் நேர்ல வர்றாங்க, பெரிய வேலை, அதனால ரூம் ஆபீஸ் மாதிரி இருக்கணும்னு சொன்னேன்."

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "அதையும் பொய்யாத்தான் சொன்னீங்களா?"

"வேற எப்படிச் சொல்றது? இந்த ரூம்ல நீ இல்லவே இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கேன், அதைப் பார்க்க ஆள் வருது, நீ கொஞ்சம் ஒளிஞ்சுக்கோன்னா சொல்ல முடியும்?"

"எழுதும்போது வராத கூச்சம் இப்ப எங்கேருந்து வருது?"

"நீ மட்டும் என்ன? வரிப் பணம் திரும்பி வந்ததும் வாஷிங் மெஷின் வாங்கலாம்னு சொன்னது யாரு?"

சொன்ன உடனே அவனுக்கே அசிங்கமாக இருந்தது. மனைவி வெண்ணெய் டப்பாவை மூடினாள். "நான்தான் சொன்னேன். அதுல அக்கா புடவையும் சேர்த்துத்தான் துவைக்கிறோம். அதனாலதான் எனக்கும் சத்தம் எழும்ப மாட்டேங்குது" என்றாள்.

"தம்பி, இங்க வந்து பாரு" என்று பின்னறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

கட்டிலை மட்டும் படுக்கையறைக்கு மாற்றிவிடச் சொல்லியிருந்தான். அக்கா கட்டிலோடு நிறுத்தவில்லை. ஜன்னல் விளிம்பிலிருந்த மாத்திரை டப்பா இல்லை. மேஜைக்கடியில் கிடக்கும் செருப்பு இல்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த துணிமணிகள் இருந்த இடத்தில் அவனுடைய பழைய வரைபடச் சுருள்கள் வரிசையாக நின்றன. தரையைத் துடைத்திருந்தார்.

"கதவுக்குப் பின்னாடி இருந்த ஆணியைக்கூடப் பிடுங்கிட்டேன். ஆபீஸ்ல துண்டு மாட்டுற ஆணி எதுக்குன்னு கேட்டுட்டாங்கன்னா?"

அந்த ஆணியில் தொங்குவது அக்கா தூங்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் துண்டு. சின்ன வயதில் அவர்கள் வீட்டில் இருந்தது ஒரே அறை, ஒரே விளக்கு. தம்பி வரைந்து பழகும்போதெல்லாம் விடியற்காலை டியூட்டிக்குப் போக வேண்டிய அக்கா முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். விளக்கை அணைத்துத் தொலை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இன்றைக்கும் அவன் வேலை நள்ளிரவைத் தாண்டி இழுத்துக்கொண்டே போனால், இந்தப் பின்னறையில் அதே மாதிரி துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துக்கொள்கிறார்.

"இப்பப் பார்த்தா யாரும் இருந்த மாதிரியே தெரியலைல்ல?" என்று கேட்டார் அக்கா. முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"தெரியல அக்கா."

இந்த இடத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நேரமும் இருந்தது. சொல்லவில்லை.

"இந்த வேலை மட்டும் அமைஞ்சுதுன்னா உனக்கு நல்லது. அப்புறம் நான் ஒரு ரூம் பாத்துக்கிட்டுப் போயிடுறேன். நீயும் எத்தனை நாள்தான் என் கட்டிலைச் சுத்திச் சுத்தி வேலை பார்ப்ப?"

"நீ எங்கயும் போக வேண்டாம். சும்மா இரு."

"அதுக்கில்லடா. பாரமா இருக்கக் கூடாதுல்ல."

அக்கா இதை மாதம் ஒரு முறையாவது சொல்லிவிடுவார். அவனும் சும்மா இரு என்று சொல்லிவிடுவான். இன்று அந்தப் பேச்சு வழக்கம்போல அவனைத் தாண்டிப் போகவில்லை. நெஞ்சுக்குள் குறுகுறுவென்று உட்கார்ந்துகொண்டது.

பகலை நூலகத்தில் கழித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு அக்கா கிளம்பினார். பின்னாலேயே மனைவியும் வேலைக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த அதிகாரி கேட்கும்போதாவது உள்ளதைச் சொல்லிடுங்க. கட்டச் சொன்னதைக் கட்டிட்டுப் போவோம்" என்றாள்.

"பார்க்கலாம்."

பார்க்கலாம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் ஒரு புருஷனாகத்தான் இருந்திருப்பான்.

அக்கா நூலகத்துக்குப் போகவில்லை.

அவர்கள் குடியிருப்பில் ஒரு தொல்லை உண்டு. முன்கட்டிலும் பின்கட்டிலும் வீடுகளுக்கு ஒரே எண்கள். பார்சல் கொண்டுவருகிறவன் முதல் பிளம்பர் வரை எல்லோரும் தப்பான படியில் ஏறி, தப்பான கதவைத் தட்டி, திட்டு வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். கீழே வந்த பிறகுதான் அக்காவுக்கு இது உறைத்தது. பெரிய வேலை கொடுக்க வருகிற ஆள் வீடு தெரியாமல் திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது? தபால் பெட்டிகளுக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தோளில் கனமான பையோடு ஒரு பெண் உள்ளே வந்து, சுவரிலிருந்த எண்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அக்கா எழுந்தார்.

"ஏம்மா, படம் போடுறவர் வீட்டுக்கா?"

"ஆமாம்மா. மூணாவது மாடின்னு இருக்கு. எந்தப் பக்கம்னுதான் தெரியல."

"பின்கட்டுப் படி. வாங்க, லிஃப்ட் வரைக்கும் கொண்டு விடுறேன். நான் அவனோட அக்கா."

"அப்படியா? நீங்களும் இந்த பில்டிங்லதான் இருக்கீங்களா?"

அதிகாரி இதை ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். அக்காவுக்கோ தம்பிக்காக நாலு நல்ல வார்த்தை சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றிவிட்டது.

"அவன் வீட்லயேதாம்மா இருக்கேன். ரெண்டு வருஷமாச்சு. இந்தக் காலத்துல எந்தத் தம்பி வெச்சுப் பார்ப்பான்? சின்ன வீடு. வேலைக்குன்னு வெச்சிருந்த ரூம்லயே எனக்குக் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கான். ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல. நீங்க அவனை நம்பி எந்த வேலையும் கொடுக்கலாம்."

"அம்மா, நான் வந்து..."

"உங்களுக்காகத்தான் இன்னைக்கு என் சாமானெல்லாம் ஒதுக்கி வெச்சேன். மேல போய்ப் பாருங்க, ரூம் அப்படியே ஆபீஸ் மாதிரி இருக்கும். அவனுக்கு இதெல்லாம் வாய் விட்டுச் சொல்லத் தெரியாது. கூச்ச சுபாவம். நான் சொன்னதாக் காட்டிக்காதீங்க."

லிஃப்ட் வந்து நின்றது. அதிகாரி ஏதோ சொல்ல நினைத்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்று மட்டும் சொல்லி உள்ளே போனார்.

உண்மை தெரிந்திருந்தால் அக்கா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கவே மாட்டார். தம்பிக்குக் கெடுதல் என்றால் இந்தத் தெருப் பக்கமே தலைகாட்டியிருக்க மாட்டார். அவன் சொன்ன பொய்தான் அவரை அங்கே உட்கார வைத்தது.

மேலே ஸ்கேல் கதவைத் திறந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான். சட்டைப் பையில் ஸ்கேல் இருந்தது.

அதிகாரி டேப்பை எடுத்து அறையை அளந்தார். அவன் கொடுத்திருந்த அளவும் அதுவும் இம்மி பிசகாமல் ஒத்துப்போயின. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. மேஜையையும் அலமாரியையும் பார்த்தார். அலமாரிக்குப் பின்னால், மடக்குக் கட்டில் வழக்கமாக நிற்கும் ஓரம் வந்ததும் அவன் கை சட்டைப் பையிலிருந்த ஸ்கேலுக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. அக்கா துடைத்துவைத்த தரை பளபளவென்று இருந்தது.

"வீட்ல எத்தனை பேர் சார்?"

"ரெண்டு பேர். நானும் என் மனைவியும்."

"இந்த ரூமை வேற எதுக்காவது பயன்படுத்துறீங்களா?"

"இல்ல மேடம். வேலைக்கு மட்டும்தான்."

"யாராவது படுக்கிறது, தங்கறது?"

"சேச்சே. விருந்தாளி வந்தாக்கூட ஹால்லதான் படுக்கச் சொல்வோம். இங்க யாரையும் விடுறதில்ல."

கேட்காததற்கெல்லாம் பதில் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரிந்தது. நாக்கு நிற்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"சார், அவசரமில்ல. இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லுங்க. இந்த ரெண்டு வருஷத்துல இந்த ரூம்ல யாரும் தங்கலையா?"

எதிராளி கதவை இவ்வளவு விரியத் திறந்துவைப்பது அபூர்வம். ஆமாம் மேடம், என் அக்கா இருக்கிறாள் என்று ஒரு வரி சொன்னால் போதும். அபராதம் விழும், கட்டிவிடலாம். மனைவி காலையில் சொன்னதும் இதைத்தான். அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

"யாரும் தங்கல மேடம்."

அதிகாரி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். உடனே கிளம்பவில்லை.

"கீழே ஒரு அம்மாதான் எனக்கு வழி காட்டினாங்க. உங்க அக்கான்னு சொன்னாங்க."

ஸ்கேல் திருதிருவென்று விழித்தான்.

"உங்களைப் பத்தி அவ்வளவு பெருமையாப் பேசினாங்க. ரெண்டு வருஷமா இந்த ரூம்லதான் படுத்துக்கிறேன், தம்பி ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்லைன்னாங்க. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன்."

"தெரியாது" என்றான்.

"நானும் சொல்லல. உங்க வரி விஷயத்தை உங்களைத் தவிர யார்கிட்டயும் நான் பேசக் கூடாது. ஆனா காதுல விழுந்ததை விழலைன்னு எழுதவும் என்னால முடியாது. மேல வந்ததும் நீங்களே சொல்லிடுவீங்கன்னுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன்." அவர் கோபமாகப் பேசவில்லை. களைத்த குரல்தான். "நாளைக்குக் காலையில ஆபீஸுக்கு வந்துடுங்க. அவங்களையும் கூட்டிட்டு வாங்க. என்கிட்ட சொன்னதை அங்க ஒரு தடவை அவங்க வாயால சொல்லணும்."

அதிகாரி போன பிறகு அவன் அறை நடுவில் அப்படியே நின்றான். மனைவிக்குப் போன் செய்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

"நானும் லீவு சொல்லிட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் தள்ளிப் போடாதீங்க."

அடுத்தாற்போல் அக்காவே வந்தார். பேக்கரிப் பொட்டலம் ஒன்று கையிலிருந்தது. மூச்சு வாங்கியது. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறி வந்திருந்தார்.

"போயிட்டாங்களா? நல்ல பொண்ணா இருக்கா. கீழ பார்த்துப் பேசினேன். உன்னைப் பத்தி நாலு வார்த்தை சொல்லி வெச்சேன், கோச்சுக்காத. வேலை அமைஞ்சுதா?"

அக்கா படுக்கையறைக் கதவைத் தள்ளிக்கொண்டே, "கட்டிலை எடுத்துப் பழைய இடத்துல போட்டுடட்டுமா? இல்ல அவங்க இன்னொரு தடவை வருவாங்களா?" என்று கேட்டார்.

"அக்கா, உட்காரு."

சொன்னான். முதலில் சுற்றி வளைத்து ஆரம்பித்தான். வருஷா வருஷம் அந்தப் பதில் தானாகவே வந்து நிற்கிறது என்று சப்பைக்கட்டு கட்டினான். அக்காவுக்குப் புரியவில்லை. பிறகு பூசி மெழுகாமல் சொன்னான். அந்த அறையில் யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன், இன்றைக்கும் யாரும் இல்லை என்று அந்த அதிகாரியிடம் சொன்னேன், கிளையன்ட் வருகிறார் என்று உன்னை ஏமாற்றி வெளியே அனுப்பினேன் என்றான். தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மனைவி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றவும் தோன்றவில்லை.

"அப்ப நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா உனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார் அக்கா.

"தப்பு என் மேலதான் அக்கா. உன் மேல இல்ல."

"இல்லடா. லிஃப்ட் வரைக்கும் போயிருக்கவே வேண்டாம். என் புத்தி அப்படி."

"ஐயோ அக்கா, நீங்க எதுக்கு உங்களைச் சொல்லிக்கிறீங்க?" என்றாள் மனைவி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வாஷிங் மெஷினைப் பற்றி அவளும் சொல்ல வந்தாள். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"நாளைக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்கல்ல. நான் அங்க என்ன சொல்லணும்?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உள்ளதைச் சொல்லு அக்கா. போதும்" என்றான் அவன். சொல்லிவிட்டான், ஆனால் அபராதம் என்னவாகும், தொழில் என்னவாகும் என்ற பயம் அந்த வார்த்தைகளுக்குள்ளேயே கேட்டது. டிக்கெட் கவுண்டரில் அத்தனை வருஷம் உட்கார்ந்து, முகம் தெரியாத ஜனங்களின் குரலை வைத்தே அவசரத்தைக் கண்டுபிடித்தவர் அக்கா. தம்பியின் குரலா தெரியாது?

பேக்கரிப் பொட்டலத்தை மேஜை மேல் வைத்து, அதன் நூலைச் சரி செய்தார். முகத்தில் கோபமில்லை. எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறவரைப் போல நிதானமாகக் கேட்டார்.

"நான் இன்னைக்கே வேற ஒரு ரூம் பார்த்துப் போயிட்டேன்னு வெச்சுக்கோ. நாளைக்கு, தம்பி வீட்டுல நான் இல்லைன்னு சொன்னா, அது பொய்யாகாதுல்ல?"